பதினேழாம் குடும்பத்தைத் தேடிக் காரைக்காலுக்கு

பாரிஸில் ஒன்றரை வருடம் இருந்துவிட்டு வந்தவள் என்று தெரிந்ததும் நண்பர் ஒருவர் பயணக் கட்டுரை கேட்டார். இரும்புக் கோபுரம், நதி, சுரங்க ரயில் என்று எழுத எனக்கும் ஆசைதான். உட்கார்ந்தால் பேனா காரைக்கால் பக்கம் இழுக்கிறது. பாரிஸிலிருந்து கொடுத்தனுப்பிய ஒரு வேலைக்காக அங்கே ஒரு வாரத்துக்கு மேல் இருந்தேன். கோயம்புத்தூரில் பிறந்த எனக்குக் காரைக்காலும் வெளிநாடு மாதிரிதான் இருந்தது. பாரிஸிலாவது கையில் வரைபடம் இருந்தது.

வேலை என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சில குடும்பங்களில் பெருங்குடல் புற்றுநோய் தலைமுறை தலைமுறையாக வரும். குடலின் உட்சுவரில் சின்னச் சின்னக் கட்டிகள் நூற்றுக்கணக்கில் முளைக்கும். விட்டுவைத்தால் அவற்றில் ஒன்று என்றைக்காவது புற்றாகிவிடும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பூவா தலையா போட்ட மாதிரிதான். எந்த மரபணு செய்கிற வேலை இது என்று அப்போது யாருக்கும் தெரியாது. கண்டுபிடிக்க வேண்டுமானால் பெரிய குடும்பங்களின் ரத்தம் வேண்டும். எந்த ஆய்வுக்கூடத்திடமும் தனியாக அத்தனை குடும்பங்கள் இல்லை. அதனால் பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து ஒரு பொதுச் சேமிப்பு வைத்திருந்தன. ரத்தத்தின் வெள்ளையணுக்களைச் சாகாமல் பெருகிக்கொண்டே இருக்கும்படி வளர்த்து, குளிரில் உறையவைத்து, கேட்கிறவர்களுக்கெல்லாம் பிரித்து அனுப்புவார்கள். வாங்குகிறவர் தான் கண்டதை ஒளிக்காமல் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. எனக்கு அந்த ஏற்பாட்டின் மேல் ஒரு காதலே உண்டு. கேட்பவர் கொட்டாவி விடும்வரை அதைப் பற்றிப் பேசுவேன்.

அந்தச் சேமிப்பில் பதினேழாம் எண் குடும்பம் காரைக்காலுடையது. சவரிநாதன் என்பவர் இருபது வயதில் காரைக்காலை விட்டுப் போய்ப் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்தவர். ஓய்வுபெற்றுப் பாரிஸின் புறநகரில் இருந்தார். குடலில் கட்டிகள் கண்டு அறுவை செய்திருந்தார்கள். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே ஒரு செவிலி அவரிடம் பிரெஞ்சில் விசாரித்துக் குடும்பப் படம் வரைந்து வைத்திருந்தாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் கண்டவருக்கு உள்ளே கறுப்பு. மேல் வரிசையில் ஒரே ஒரு கறுப்பு வட்டம் இருந்தது: அப்பாவைப் பெற்ற பாட்டி, நாற்பத்திரண்டு வயதில் குடல் நோயில் இறந்தவர். சவரிநாதனின் அப்பாவும் அம்மாவும் சின்ன வயதிலேயே வேறு காரணங்களால் போய்விட்டார்கள். ஆகவே பாட்டியின் இன்னொரு மகனும் அவர் பிள்ளைகளும் ஆபத்தில் இருக்கலாம். அவர்கள் காரைக்காலுக்குப் பக்கத்தில் சுரக்குடியில் இருந்தார்கள். அவர்கள் ரத்தம்தான் வேண்டும். கூடவே, அவர்கள் போய்க் குடலைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லவும் வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் நான் ஒருத்திதான் தமிழ். சவரிநாதனோடு சினிமா பேசியிருக்கிறேன், புளிக்குப் பதில் எலுமிச்சை பிழிந்த ரசத்தைக் குடித்திருக்கிறேன். அந்தப் படத்தைப் பற்றி மட்டும் அவரிடம் தமிழில் ஒருதரம்கூடக் கேட்டதில்லை. ஏற்கனவே எழுதி முடித்ததை யார் மறுபடி கேட்பார்கள்?

மே மாதத்து வியாழக்கிழமை. மாயவரத்தில் பஸ் மாறினேன். எல்லையில் சோதனைச் சாவடி வந்தது. பஸ் நிற்கவே இல்லை. கண்டக்டரிடம் ஏன் என்று கேட்டேன். “உள்ள போகும்போது யாரும் சீந்த மாட்டாங்க. வெளிய வரும்போதுதான் மோந்து பாப்பாங்க” என்றார். சாராயம் விஷயம்.

சவரிநாதன் தன் மாமன் மகன் இருதயராஜ் வீட்டில் தங்கச் சொல்லியிருந்தார். அம்மாவின் தம்பி மகன். படத்தில் அம்மா பக்கத்துக்கு நோயே இல்லை என்பதால் இருதயராஜ் எங்களுக்கு வழிகாட்டி மட்டும்தான். “மேரில போயி கேளு, காட்டுவாங்க” என்று சவரிநாதன் சொல்லியிருந்தார். பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் “மேரி வீடு எங்கங்க?” என்று கேட்டேன்.

“எந்த மேரி? இங்க தெருவுக்கு நாலு மேரி.”

“இருதயராஜுன்னு ஒருத்தருக்குத் தெரிஞ்ச மேரிங்.”

கடையே சிரித்தது. “அட, மேரி ஆபீஸுங்க! முனிசிபாலிட்டி. அங்கதான் கிளார்க்கா இருக்காரு.”

நகராட்சிக்குப் பிரெஞ்சில் அதுதான் பெயர். பாரிஸில் தினமும் அந்தப் பெயர் பொறித்த கட்டடத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போவேன். ஆனால் தமிழ் வாயில் கேட்டபோது ஒரு பெண்ணாகத்தான் தெரிந்தது. அப்போதே கொஞ்சம் உஷாராகியிருக்கலாம்.

இருதயராஜுக்கு இருபத்தொன்பது வயது. ஒல்லி. பேச்சில் எப்போதும் ஒரு குத்தல். கோவில்பத்தில் வீடு. அங்கிருந்து சைக்கிளில் ஆபீஸ். மனைவி ஜெயராணி டவுனில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். ரத்தம் எடுக்கப்போவது அவர்தான். நாலு வயதில் ஒரு பெண், ஸ்டெல்லா. முதல் நாள் சாப்பாட்டில் கொடுவா மீன் குழம்பும் சுறாப் புட்டும். எங்கள் ஊரில் மீன் என்றால் கூடையில் செத்து நாலு நாள் ஆகி வருவது. இது இலையில் விழுந்த பிறகும் கடல் வாசனையோடு இருந்தது. முள்ளோடு நான் பட்ட பாட்டைப் பார்த்து ஜெயராணி, “முள்ளு எடுக்கத் தெரியாம பாரீஸுக்கு என்னாத்துக்குப் போனீங்க?” என்றார். இருதயராஜ், “அவங்க ரத்தம் எடுக்கப் போனவங்க. நீ முள்ளு எடுக்கச் சொல்ற” என்றார்.

சனிக்கிழமை காலையில் சுரக்குடி. திருநள்ளாறு வழியாகப் போகிற பஸ்ஸில் சனிக்கிழமை ஏறக் கூடாது என்பதை யாரும் சொல்லவில்லை. குளத்தில் முழுகிய ஈரத்துணியும் எண்ணெய்த் தலையுமாக நூறு பேர். ஜன்னல் வழியாகக் குழந்தைகளை உள்ளே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக் குழாய்கள் இருந்த தெர்மாகோல் பெட்டியை நான் தலைமேல் தூக்கிப் பிடித்திருந்தேன். “கொஞ்சம் எறக்குங்க, காவடின்னு நினைச்சுக்குவாங்க” என்றார் இருதயராஜ்.

சூசை, சவரிநாதனின் சித்தப்பா. அறுபதைத் தாண்டிய விவசாயி. இரண்டு பையன்கள், கடைசியாக ரோசலி. அவள் பால்வாடியில் டீச்சர். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி மறுநாள் கோயிலில் முதல் ஓலை. கத்தோலிக்கக் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரை வாசித்து, தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்பார்கள். அதைத்தான் ஓலை என்பது. நல்ல நாள் பார்த்துத்தான் வந்திருந்தேன்.

சுற்றி வளைக்காமல் சூசையிடம் கேட்டேன்: “உங்க அம்மா எப்படிப் போனாங்க?”

“வயித்தாலதாம்மா போச்சு. மூணு நாளு. அதோட சரி.”

நான் உடனே நோட்டில் ‘உறுதி’ என்று எழுதினேன். வயிற்றால் போவதென்றால் அந்தப் பக்கத்தில் பேதி. எங்கள் பக்கத்திலும் அதுதான். ஆனால் என் மண்டைக்குள் ஒரு கறுப்பு வட்டம் தயாராக உட்கார்ந்திருந்தது. கேட்டதெல்லாம் அதற்குள் போய் விழுந்தது.

ரோசலி கையை நீட்டும் முன் கேட்டாள்: “இதுல எனக்கு இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுடுமா?”

“இப்போதைக்குத் தெரியாதுங்க. குழாய் விட்டுக் குடலைப் பார்த்தால்தான் தெரியும். இந்த ரத்தம் மரபணுவைக் கண்டுபிடிக்க.” பொதுச் சேமிப்பு பற்றி நான் மூச்சுவிடாமல் விளக்கினேன்.

அவள் முழுவதையும் கேட்டுக்கொண்டாள். “அப்ப என் ரத்தம் ஊரு ஊரா போகும். எனக்கு மட்டும் சேதி வராது.”

பதில் இருந்தது என்னிடம், நீளமான பதில். ஜெயராணி அவள் கையில் ரப்பர்க் குழாயைக் கட்ட ஆரம்பித்துவிட்டதால் சொல்லவில்லை.

நாலு பேர் ரத்தத்தோடு அன்று மத்தியானமே மெட்ராஸ் கிளம்பினேன். மூன்று நாளைக்குள் பாரிஸ் போய்ச் சேர்ந்தால்தான் அணுக்கள் உயிரோடு இருக்கும். என் வேலை முடிந்தது, காரைக்காலுக்கு இனி வரப்போவதில்லை என்று நினைத்தேன். பக்கத்து சீட்டில் ஒரு மீன்கார அம்மா, காலடியில் இறால் கூடை. சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் ஏறினார். இரண்டு பெரியவர்களின் மடியைத் தடவிவிட்டு என்னிடம் வந்தார்.

“பெட்டில என்னா?”

“ரத்தம்.”

“யாரு ரத்தம்?”

“ஒரு குடும்பத்தோடதுங்.”

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இறங்கச் சொன்னார்கள். உள்ளே ஒரு அதிகாரி ஒரு குழாயை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார், பிறகு பெட்டியை பஸ்ஸிலேயே வைக்கச் சொல்லிவிட்டு, நான் யார், எதற்கு, எங்கே என்று ஒரு பக்கம் எழுதி வாங்கினார். அரை மணி நேரம். வெளியே கண்டக்டர் “எம்மா, பரீட்சை எழுதி முடிச்சாச்சா?” என்று கத்திக்கொண்டிருந்தார்.

மாயவரம் வந்தபோது மீன்கார அம்மா கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டே, “பத்தரமாக் கொண்டுபோ புள்ள. ஐஸு போட்டு வச்சிருக்கேன்” என்றார்.

“என்ன போட்டீங்க?”

“நீ உள்ள எழுதிக்கிட்டே கெடந்த. வெயிலு கொல்லுது. ரத்தம்னா மீனவிட வெரசா நாறிடும்ல? எங் கூடையிலேருந்து நாலு கை ஐஸு அள்ளிப் போட்டு, உப்பும் தூவி வச்சேன். உப்பு போட்டாத்தான் ஐஸு நிக்கும்.”

உப்பு போட்ட ஐஸ் வெறும் ஐஸைவிடக் குளிரும். பெட்டியைத் திறந்தேன். குழாய்கள் சிவப்புக் கற்களாகக் கிடந்தன. இரண்டு விரிசல் விட்டிருந்தன. ஆய்வுக்கூடத்தில் காப்பு மருந்து சேர்த்துத்தான் உறையவைப்போம்; வெறுமனே உறைந்த அணுக்கள் உடைந்துவிடும். இனி அவை வளராது, பெருகாது, யாருக்கும் பிரித்துக் கொடுக்க முடியாது. கடலில் பிடித்ததைக் கெடாமல் ஊர் கொண்டுசேர்ப்பது அந்த அம்மாவுக்குத் தெரிந்த அளவு பாரிஸில் யாருக்கும் தெரியாது. அவர் கணக்கில் நான்தான் கிறுக்கு. “ரொம்ப நன்றிங்க” என்று சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கம் நின்ற காரைக்கால் பஸ்ஸில் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை. ஓலை வாசித்தாகிவிட்டது. பூசை முடிந்து வெளியே வந்த கூட்டத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் சூசையிடம், “வீட்டுல ஏதோ கேன்சருக்கு ரத்தம் எடுத்தாங்களாமே?” என்று கேட்டிருக்கிறார். பஸ்ஸில் நான் உரக்கச் சொன்ன வார்த்தைகளைவிட வேகமாகச் செய்தி பயணம் செய்திருந்தது. மறுபடி ரத்தம் வேண்டும் என்று கேட்கப் போன என்னைச் சூசை வாசலிலேயே நிறுத்தினார்.

“இன்னும் ரெண்டு ஓலை இருக்கும்மா. எவனாச்சும் எழுந்து ‘பொண்ணு வீட்டுல இந்த நோவு’ன்னு சொன்னா என் மவ கதி? எங்க ஆத்தாளைப் பத்தி உன் படத்துல என்னா எழுதியிருக்கு? படி.”

படித்தேன். “நாற்பத்திரண்டு வயதில்…”

“யாரு?” என்றார். “எங்க ஆத்தாளா? என் கல்யாணத்தும்போதே அதுக்கு அறுவது தாண்டிடுச்சு! கொடிமாதிரி நடந்துச்சு. காலராவுல போச்சு. எந்த மடையன் சொன்னான் நாப்பத்திரண்டுன்னு?”

உள்ளேயிருந்து ரோசலி, “அப்பா, மெதுவா” என்றாள். இருதயராஜ் என்னைப் பார்த்தார். “நாளைக்கு ஆபீஸுக்கு வாங்க. ரிஜிஸ்டர் நம்ம கையிலதான் இருக்கு.”

திங்கள்கிழமை காலை மேரி ஆபீஸ். பிரெஞ்சு காலத்து இறப்புப் பதிவேடுகள் தடித்த அட்டையோடு அலமாரியில் இருந்தன. காகிதம் பழுப்பாக இருந்தாலும் எழுத்து அச்சு மாதிரி. இருதயராஜ் தூசி தட்டி ஒரு மணி நேரம் புரட்டினார். சூசையின் அம்மா கிடைத்தார். வயது எழுபத்தொன்று.

“கிழவர் சொன்னது சரிதான்” என்றேன். “அப்போ சவரிநாதன் சொன்ன நாற்பத்திரண்டு வயசு யாருங்?”

இருதயராஜ் ஏட்டில் விரலை வைத்தபடியே, “நாப்பத்திரண்டுல செத்தது எங்க அத்தை. எங்கப்பாவோட அக்கா” என்றார். “தாயில்லாத புள்ளன்னு சவரி அத்தானை அவங்கதான் வளர்த்தாங்க, எங்க வீட்டுல வச்சு. கல்லறையில வயசு எழுதியிருக்கு. வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு நான்தானே சுண்ணாம்பு அடிக்கிறேன்.”

“சவரிநாதன் அவங்களை என்னன்னு கூப்பிடுவார்?”

“பெரியம்மான்னுதான். அவங்க அம்மாவுக்கு அக்கா ஆச்சே.”

நோட்டின் ஓரத்தில் எழுதிப் பார்த்தேன். பெரிய என்பதற்குப் பிரெஞ்சில் கிரான். அம்மாவுக்கு மேர். இரண்டையும் சேர்த்தால் கிரான்மேர். அது பெரியம்மா இல்லை, பாட்டி. பெரியம்மா என்று ஒரு உறவே அந்த மொழியில் இல்லை. அத்தை, சித்தி, பெரியம்மா எல்லோருக்கும் ஒரே சொல்தான். வளர்த்தவளை அந்தச் சொல்லில் அடைக்க மனமில்லாமல், படைமுகாமில் கற்ற பிரெஞ்சில் சவரிநாதன் தானே ஒன்று செய்துகொண்டிருக்கிறார்.

நான் இதைப் படபடவென்று விளக்கிக்கொண்டே போனேன். உண்மையைச் சொன்னால், மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. புதிர் விடுபட்டது, படம் நேரானது, நோய் அப்பா பக்கம் இல்லை, அம்மா பக்கம். ரோசலிக்கு ஒன்றும் இல்லை. அப்போதுதான் எதிரே நின்றவர் யார் என்று நினைவு வந்து நிறுத்தினேன்.

இருதயராஜ் ஏட்டை மூடினார். “அத்தைக்குப் பக்கத்துக் குழி எங்கப்பாது. அதுல நாப்பத்தேழுன்னு போட்டிருக்கும். ரத்த மூலம்னாங்க.” அட்டையின் மேல் இருந்த தூசியைக் கையால் துடைத்தார். “அஞ்சு நாளா எங்க வீட்டுல சாப்பிட்டுக்கிட்டு அடுத்தவங்க வீட்டுல தேடியிருக்கீங்க மேடம்.”

வெளியே வந்தோம். ஒரு தட்டில் வாடா வாங்கிக் கொடுத்தார். மேலே ஒரு இறாலைப் பதித்து மொறுமொறுவென்று பொரித்த பலகாரம். அந்தப் பக்கத்து முஸ்லிம் கடைகளில் மாலையில்தான் கிடைக்கும், அன்று காலையிலேயே போட்டிருந்தார்கள். நான் முழுத்தட்டையும் தின்றேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். “ராணிகிட்ட நானே சொல்லிக்கறேன்” என்றார்.

செவ்வாய்க்கிழமை தபால் ஆபீஸில் பாரிஸுக்கு டிரங்க் கால். பதிவு செய்து நாலு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கோடு கிடைத்ததும் கத்தினேன்: “அண்ணே, நாற்பத்திரண்டு வயசில இறந்தது உங்க பெரியம்மாதானே?”

“ஆமாம்மா, பெரியம்மாதான்” என்று கடலுக்கு அப்பாலிருந்து சவரிநாதன் கத்தினார். “அதைத்தானே சொன்னேன், கிரான்மேர்னு. அந்த நர்ஸம்மா அம்மாவைப் பெத்தவங்களான்னு கேட்டுது. இல்லன்னேன். சரின்னு எழுதிக்கிடுச்சு.”

அம்மாவைப் பெற்றவள் இல்லையென்றால் அப்பாவைப் பெற்றவள்தானே. செவிலியின் கணக்கில் பிசகே இல்லை. அந்தப் படம் பிரதி எடுக்கப்பட்டுச் சேமிப்பில் பங்குள்ள எல்லா ஆய்வுக்கூடங்களுக்கும் போயிருந்தது. என் காதலுக்குரிய ஏற்பாடு தவறான வட்டத்தையும் அதே நேர்மையோடு நாடு நாடாகப் பிரித்துக் கொடுத்திருந்தது. அங்கேயே உட்கார்ந்து திருத்தச் சொல்லித் தந்தி எழுதினேன். ஊழியர் படித்துவிட்டு, “யாருக்காச்சும் விசேஷமா, கேதமா?” என்றார். எந்தப் பாரத்தில் எழுதுவது என்று அவருக்குச் சந்தேகம்.

சுரக்குடிக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். சூசை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ரோசலி, “அப்ப எங்களுக்கு இல்ல?” என்றாள்.

“இல்லைங்க. ஊரில் எல்லாருக்கும் உள்ள அளவுதான்.”

“அப்ப யாருக்கு?”

இருதயராஜ் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வேலிக்கு அப்பால் நின்றிருந்தார். அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “மூணு ராத்திரி தூங்கல நான். இப்ப சந்தோஷப்படலாமா, கூடாதா? அதையும் நீங்களே சொல்லிடுங்க” என்றாள். பிறகு வேலியோரம் போய், “அண்ணே, உள்ள வாங்க, மோர் குடிச்சிட்டுப் போங்க” என்றாள்.

புதன்கிழமை காலையில் ஜெயராணி மீன் கழுவிக்கொண்டிருந்தார். நிமிராமல், “எந்த ஆஸ்பத்திரி? எப்பப் போகணும்?” என்று கேட்டார்.

“புதுச்சேரியில குழாய் விட்டுப் பார்ப்பாங்க. சீக்கிரம் போனா நல்லதுங்.”

“ஆறு மாசமா ரத்தம் போவுது அவருக்கு. மூலம், எங்க வீட்டுல எல்லாருக்கும் உண்டுன்னு சொன்னாரு.” ஒரு மீனின் செதிலைத் தேவைக்கு மேலாகச் சுரண்டிக்கொண்டிருந்தார். “ஊருக்கெல்லாம் நர்ஸு. காரம் கொறைச்சுக்குங்கன்னு சொல்லிட்டு விட்டுட்டேன்.”

அந்த ஐஸ் மட்டும் இல்லாவிட்டால் நான் சனிக்கிழமையே போயிருப்பேன், இருதயராஜும் காரம் குறைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை புதுச்சேரி. முதல் பஸ். இருதயராஜ் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார்: இங்கே ரோடு வளைகிறது, இங்கே நல்ல இட்லி கிடைக்கும், நீங்கள் சாப்பிடலாம், சோதனைக்காக எனக்குத்தான் இன்றைக்கு வயிறு காலி. ஸ்டெல்லா அம்மா மடியில் தூங்கினாள். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு நீண்ட பெஞ்ச். பாரிஸில் காத்திருப்பவர்கள் பத்திரிகைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார்கள். இங்கே ஐந்து நிமிடத்தில் பக்கத்திலிருந்த பெண்மணி எங்கள் கதை முழுவதையும் கேட்டுவிட்டார். ஸ்டெல்லாவுக்கு ஒரு ஆரஞ்சும் உரித்துக் கொடுத்தார்.

பதினோரு மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். அரை மணி கழித்து அவரே வேட்டியைச் சரிசெய்தபடி வெளியே வந்தார்.

“இருக்காம். எண்ண முடியலையாம். நெல்லு கொட்டின மாதிரி கெடக்குன்னாரு டாக்டரு.”

ஜெயராணி எழுந்தார். “கெட்டுப் போயிருக்கா?”

“பாத்த வரைக்கும் இல்லையாம். அறுத்துப் பாத்தாத்தான் முழுசாத் தெரியுமாம். அடுத்த வாரமே பெருங்குடலை எடுத்துடணும்னு சொல்றாரு. எடுத்தா பொழைச்சுக்குவேனாம். இல்லாட்டி அப்பா வயசு வரைக்கும்தான்.” சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல்முறையாக அவர் குரலில் குத்தல் இல்லை. “பாப்பாவுக்கு எப்பப் பாக்கணும்?”

“பன்னிரண்டு வயசு வாக்கில ஆரம்பிப்பாங்க.”

“இப்ப நாலு.” ஸ்டெல்லாவைப் பார்த்தார். அவள் ஆரஞ்சு விதைகளைப் பெஞ்சின் மேல் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். “எட்டு வருஷம் இருக்கு. குழாயெல்லாம் விடாம, ரத்தத்த வச்சே இருக்கா இல்லையான்னு சொல்ற மாதிரி நீங்க அத்தனை பேரும் சேந்து கண்டுபிடிச்சிட முடியுமா அதுக்குள்ள?”

ஒன்றரை வருடமாக யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும் நான் சொல்லிவந்த பதில் ஒன்று உண்டு. நிச்சயம் முடியும், இத்தனை நாடுகள், இத்தனை குடும்பங்கள் என்று ஆரம்பிக்கும். ரோசலியிடம் விழுங்கியதும் அதைத்தான். வாயைத் திறந்தேன்.

“தெரியலைங்க” என்றேன்.

அவர் தலையசைத்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடக்கினார். “சரி. நெறையவே எடுத்துக்குங்க. எல்லா ஊருக்கும் பத்தணும்ல.”

என் பையில் காலிக் குழாய்கள் இருந்தன. அங்கிருந்த நர்ஸிடம் கேட்கப் போனேன். ஜெயராணி என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டார். அவரே ரப்பர்க் குழாயைக் கட்டினார், விரலால் தட்டித் தட்டி நரம்பைத் தேடினார். சுரக்குடியில் நாலு பேருக்கும் கண்ணை மூடிக்கொண்டு குத்தியவருக்கு அன்று முதல் குத்தில் கிடைக்கவில்லை. இரண்டாவதிலும் கிடைக்கவில்லை.

“மெதுவா ராணி” என்றார் இருதயராஜ். “நான் எங்க போயிடப் போறேன்?”

மூன்றாவதில் கிடைத்தது.